இன்னும் ஒரு வருஷம் பயிற்சியா, நேரா வேலைக்கா? (ஆட்டிசம் உள்ள இளைஞர்கள், நீலகிரி)

2025 பிப்ரவரி 9. கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு அம்மா கேட்டது

மகனுக்கு 20 வயசு. ஆட்டிசம். திறந்தநிலைப் பள்ளியில பத்தாவது முடிச்சிருக்கான். தமிழ் படிப்பான், எழுதுவான், எண்ணிக்கையில தப்பே வராது. பேச்சு ரெண்டு மூணு வார்த்தைதான். ரெண்டு வருஷமா தொழிற்பயிற்சின்னு போய் கவர் ஒட்டறான், மெழுகுவர்த்தி செய்யறான். இன்னும் ஒரு வருஷம் போனா வேலைக்குத் தயாராயிடுவான்னு சொல்றாங்க. எங்க ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) பக்கத்துல ஒரு தேயிலை பேக்கிங் யூனிட் இருக்கு. அங்க இப்பவே கேட்கலாமா? இல்ல, பொறுக்கணுமா?

பிப்ரவரி 9, இரவு

பொறுக்க வேண்டாம் அம்மா. இந்த "இன்னும் ஒரு வருஷம்" முடிவதே இல்லை. இருபதில் கேட்டவர்களுக்கு முப்பதிலும் அதே பதில்தான் வருகிறது.

ஆட்டிசம் உள்ள பலருக்கு ஒன்றைக் கற்பது கஷ்டமில்லை. ஓர் இடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் கஷ்டம். மையத்து மேசையில், பழகிய டீச்சர் பக்கத்தில் இருக்கும்போது கவர் ஒட்ட வருகிறது என்றால் அது அந்த மேசைக்கான திறமை. பேக்கிங் யூனிட்டில் தரை வேறு, சத்தம் வேறு, தராசு வேறு, ஆட்கள் வேறு. எப்படியும் அங்கே முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதனால் அங்கேயே தொடங்குவது நல்லது.

முதலில் வேலையில் சேர்த்து அங்கேயே பழக்கும் முறை அமெரிக்காவில் 1980களில் வேரூன்றியது. அதற்கு முன்பே, 1970களில், மார்க் கோல்ட் என்பவர் கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குச் சைக்கிள் பிரேக் பூட்டக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். 15 பாகங்கள் கொண்ட பிரேக். "இவர்களால் முடியாது" என்று ஒதுக்கப்பட்டவர்கள் அதைப் பூட்டினார்கள். கற்கவில்லை என்றால் கற்றுக்கொடுத்த விதத்தை மாற்று என்பது அவர் சொன்னதன் சாரம்.

பிப்ரவரி 10

நேற்று விட்டுப்போனது. யூனிட்டில் பேசுவதற்கு முன் மூன்று வெவ்வேறு நேரங்களில் போய்ப் பாருங்கள்: காலையில் ஷிஃப்ட் தொடங்கும்போது, டீ நேரத்தில், வேலை விடும்போது. மகனைக் கூட்டிப்போக வேண்டாம்.

பார்க்க வேண்டியது சில. பேக்கிங் அறை தொழிற்சாலையோடு ஒட்டியிருக்கிறதா? இலையை நசுக்கித் தூளாக்கும் சி.டி.சி. உருளைகள் ஓடும் சத்தம் உள்ளே வருகிறதா? ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் அது எட்டு மணி நேரம் யாருமே காதை மூடாமல் இருக்கக்கூடாத சத்தம். உங்கள் மகனுக்கு அது வலியாகவே இருக்கலாம். குழல்விளக்கு சிமிட்டுகிறதா? தேயிலைத் தூசு எவ்வளவு பறக்கிறது? கழிவறை எங்கே, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா?

அதிக நேரம் செலவிட வேண்டியது டீ நேரத்தில். யார் எங்கே உட்காருகிறார்கள், எத்தனை நிமிஷம், மணி அடித்து முடிக்கிறார்களா, இல்லை ஆளாளுக்கு எழுந்து போகிறார்களா? ஏன் இதைக் கேட்கிறேன் என்று பிறகு சொல்கிறேன்.

பிப்ரவரி 12

"இன்டர்வியூவுக்கு எப்படித் தயார் பண்றது?" என்று குன்னூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

தயார் செய்வதைவிட, இன்டர்வியூவே வேண்டாம் என்று கேளுங்கள். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்ற கேள்வியால் பேக்கிங் மேசையில் ஒருவர் எப்படி வேலை செய்வார் என்று தெரியப்போவதில்லை. அதற்குப் பதில் இரண்டு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம், வேலையைச் செய்துகாட்ட விடச் சொல்லுங்கள். அந்த ஆறு மணி நேரத்துக்கும் கூலி உண்டு என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். சும்மா செய்து காட்டுவது என்று தொடங்கினால் அது மாதக்கணக்கில் சும்மாவே போகும்.

பேசித்தான் ஆக வேண்டிய வேலை என்றால், கேள்விகளை முந்தின நாள் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "முன்னால செஞ்சு முடிச்ச ஒரு வேலையைச் சொல்லுங்க" மாதிரி கேள்விக்குப் பதில் வரும். "அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?" என்றால் ஊர்ப் பெயர்தான் பதிலாக வரும். சொன்ன கேள்விக்கு அது சரியான பதிலும்கூட.

பிப்ரவரி 14

சட்டம் பற்றி மூன்று பேர் கேட்டதால் சுருக்கமாக. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. அதில் சொல்லப்பட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீடு. அதில் ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் சேர்ந்து பகிர்ந்துகொள்ள வேண்டும். 20ஆம் பிரிவின்படி வேலை கொடுப்பவர் ஊழியரின் தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும். பேக்கிங் யூனிட்டாரிடமும் இதைச் சொல்லலாம்.

பிப்ரவரி 15

நேற்று எழுதியதன் கடைசிப் பகுதி தவறு. சுட்டிக்காட்டிய கூடலூர் அண்ணனுக்கு நன்றி. 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களைப் பற்றித்தான் பேசுகிறது. தனியாருக்கு நேராகப் பொருந்துவது 21ஆம் பிரிவு. சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்பது அது. 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் இடமானால் என்ன வசதி செய்து தருவோம், எந்த வேலை பொருந்தும் என்பதெல்லாம் அந்தக் கொள்கையில் இருக்க வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பேக்கிங் யூனிட்டில் போய்ச் சட்டத்தை நீட்டினால் கதவுதான் சாத்தப்படும். அங்கே செய்துகாட்டும் வேலைதான் பேசும்.

ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதத்துக்குக் குறையாத சான்றிதழ் வேண்டும். மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டைக்கு (யு.டி.ஐ.டி.) இப்போதே விண்ணப்பியுங்கள். வேலை கிடைத்தபின் எடுத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மதிப்பீட்டுக்குப் பயன்படும் இந்திய அளவுகோலில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அன்றைக்கு மகன் அமைதியாக உட்கார்ந்திருந்தான் என்பதற்காக எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் பண்றான்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். மோசமான நாள் எப்படி இருக்கும் என்பதையும் தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

இன்னொன்று. அறிவிப்புகளிலும் படிவங்களிலும் ஆட்டிசம் உள்ளவர்களைப் "புற உலக சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மனம் நொந்து எழுதியிருந்தீர்கள். நியாயம்தான். புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வந்து மோதுகிறவர்களுக்கு வைத்த பெயர் அது. படிவத்தில் இருப்பதை மாற்ற முடியாது. யூனிட்டில் பேசும்போது அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருக்கலாம்.

பிப்ரவரி 23

"ஜாப் கோச்சுக்கு மலையில எங்க போறது?"

ஜாப் கோச் என்பது வேலையிடத்தில் கூட நின்று பழக்கும் துணை. சிறப்புக் கல்வி படித்தவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அத்தை மகன், சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா என்று பொறுமையான ஒருவர் போதும். பெற்றவர்கள் மட்டும் வேண்டாம். அம்மா பக்கத்தில் நின்றால் அவன் அங்கேயும் மகனாகத்தான் இருப்பான். யூனிட்டாரும் அவனிடம் பேசாமல் உங்களிடமே பேசுவார்கள்.

வரும் துணை முதலில் தானே இரண்டு நாள் அந்த வேலையைச் செய்ய வேண்டும். கையால் செய்யாமல் படி பிரிக்க வராது. பிறகு மகனோடு முதல் இரண்டு வாரம் முழு நேரம். மூன்றாவது வாரம் அதே அறையில், ஆனால் தள்ளி. நான்காவது வாரம் அடுத்த அறையில். எட்டாவது வாரத்துக்குள் வாரம் ஒரு தடவை வந்துபோனால் போதும் என்ற நிலை வர வேண்டும்.

நிற்கும் இடம் முக்கியம். எதிரே நிற்காதீர்கள், பின்னால் பக்கவாட்டில் நில்லுங்கள். எதிரே நின்றால் மகன் வேலையைப் பார்க்க மாட்டான், உங்கள் முகத்தைப் பார்த்து "சரியா?" என்று காத்திருப்பான். வாயால் சொல்வதையும் குறையுங்கள். ஒரு படியில் நின்றுவிட்டால் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அதற்குள் கை நகரவில்லை என்றால் அடுத்த பொருளை விரலால் காட்டுங்கள். அதுவும் போதாவிட்டால் செய்து காட்டுங்கள். சொல் கடைசி. ஏனென்றால் விரல் காட்டுவதை நிறுத்துவது சுலபம். சொல்லைப் பிடித்துக்கொண்டால் அந்தச் சொல் வந்தால்தான் கை நகரும். துணை லீவு எடுத்த முதல் நாளில் எல்லாம் நின்றுபோவது இதனால்தான்.

மார்ச் 2

மகனுக்கு இரண்டு நாள் பார்க்க இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று அம்மா எழுதியிருக்கிறார். மிகவும் சந்தோஷம். 250 கிராம் பவுச் பேக்கிங். படிகளை எழுதச் சொன்னதால் இதோ.

பவுச்சை எடு. வாயைத் திற, அடியில் இரண்டு விரல் விட்டு விரி. தராசில் நிறுத்து. பூஜ்யம் வரும் பொத்தானை அழுத்து, கையை எடு, 0 தெரியும் வரை பொறு. பெரிய கரண்டியால் தூள் போடு. 240ஐத் தாண்டியதும் பெரிய கரண்டியைக் கீழே வை, சின்னக் கரண்டியை எடு. 250 வந்ததும் நிறுத்து. பவுச்சை மேசையில் இரண்டு தட்டு தட்டு. வாயில் ஒட்டிய தூளைத் துணியால் துடை. சீல் போடுகிறவர் பக்கத் தட்டில் வை. பத்துப் படி.

இதில் கெடுவது மூன்று இடம். ஒன்று, கரண்டி மாற்றும் இடம். அதற்குத்தான் 240 என்று எண் கொடுத்தது. "கிட்ட வந்ததும்" என்று சொன்னால் எது கிட்ட? இரண்டு, வாயில் ஒட்டிய தூள். தூள் இருந்தால் சீல் பிடிக்காது, காற்று புகும். மலை ஈரத்தில் தூள் நமத்துப்போகும். மூன்றாவதுதான் பெரியது, 250. உங்கள் மகன் மாதிரி எண்ணில் சுத்தமானவரிடம் 250 என்றால் 251 தப்பு. ஒரு சிட்டிகை எடுப்பார், 249 ஆகும், ஒரு சிட்டிகை போடுவார். ஒரு பவுச்சுக்கு நான்கு நிமிஷம் போய்விடும். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு "ரொம்ப ஸ்லோ" என்பார். ஸ்லோ என்பதே இல்லை, சொன்னதைச் செய்கிறார். "250, 251, 252 மூணும் சரி" என்று எழுதி தராசின் பக்கத்தில் ஒட்டுங்கள். எல்லையை யூனிட்டாரே சொல்லட்டும்.

25 கிலோ மூட்டை ஒன்றுக்குக் கணக்குப்படி 100 பவுச். முடிவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக 20 குழி உள்ள அட்டைப்பெட்டி ஐந்தை வரிசையாக வையுங்கள். ஐந்தும் நிறைந்தால் மூட்டை முடிந்தது. எப்போது முடியும் என்று தெரியாத வேலைதான் ஆளைப் பதறவைக்கும்.

மார்ச் 3

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். ஒவ்வொரு பவுச்சிலும் கணக்கு ஓரிரு கிராம் கூடினால் மூட்டைக்கு 100 வராது, 99 வரும், கடைசிக் குழி காலியாக நிற்கும். அந்தக் காலிக் குழி பெரிய பிரச்சினையாகிவிடும். ஐந்தாவது பெட்டியின் மேல் "19 அல்லது 20" என்று எழுதிவிடுங்கள்.

மார்ச் 16

"வேலை நல்லா வருது, ஆனா சொன்னா கேக்க மாட்டேங்கறான்னு சூப்பர்வைசர் சொல்றார்" என்று அம்மா எழுதியதற்கு.

என்ன சொன்னார் என்று அப்படியே எழுதி வாங்கச் சொன்னேன். வந்தது: "இதைக் கொஞ்சம் பாத்துக்கோ." மகன் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான்.

நம் தமிழில் வேலை சொல்லும் விதமே இப்படித்தான். "அப்புறம் பாக்கலாம்" என்றால் பெரும்பாலும் இல்லை என்று பொருள். "கொஞ்ச நேரத்துல வா" என்றால் எத்தனை நிமிஷம்? "போயிட்டு வரேன்" என்று கிளம்புகிறவர் திரும்பி வரப்போவதில்லை, ஆனால் வருவார் என்று ஒருவர் காத்திருப்பார். "சும்மா இருக்காதே" என்பதற்குச் செய்யக்கூடிய எதுவும் இல்லை. வீட்டில் படுகு மொழி, வேலையிடத்தில் தமிழ், லோடு ஏற்ற வருகிறவரோடு மலையாளம் என்றால் இன்னும் சிக்கல்.

சூப்பர்வைசருக்கு ஒரே ஒரு பழக்கம் கேளுங்கள். பெயர், செய்ய வேண்டியது, எத்தனை, எதுவரை. "தம்பி, இந்தப் பத்துப் பெட்டியை லாரிப் பக்கம் வை. வச்சுட்டு மேசைக்கு வா." இவ்வளவுதான். இப்படிச் சொன்னால் மற்றவர்களும் தப்பில்லாமல் செய்வார்கள் என்பதை அவரே கவனிப்பார்.

மார்ச் 17

ஆட்டிசம் உள்ள ஒரு வாசகர் கோபமாக எழுதியிருக்கிறார்: "எல்லாக் குறிப்பிலும் எங்களைப் பழக்கறதைப் பத்தியே எழுதறீங்க. எதிர்ல இருக்கறவங்களுக்கு எங்களைப் புரியலைங்கறது யார் குறை?"

அவர் சொல்வது சரி. டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் இதைத்தான் எழுதினார். புரியாமை ஒருபக்கமானது இல்லை, இருபக்கமும் உண்டு என்றார். நேற்றுச் சூப்பர்வைசருக்கு எழுதியதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். பிப்ரவரி 23 குறிப்பில் துணைக்கு இரண்டு நாள் என்று சொன்னேன் அல்லவா, அதோடு சூப்பர்வைசருக்கும் பக்கத்து மேசைக்காரர்களுக்கும் ஒரு மணி நேரம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வாசகர் சொன்ன இன்னொன்றும் வேண்டும்: கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லாதீர்கள். கண்ணைப் பார்த்தால் காதில் விழாது என்கிறார். பலரும் இதையே சொல்கிறார்கள். மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்கட்டும்.

ஏப்ரல் 5

டீ நேரம் பற்றி எழுதுவதாகச் சொன்னது பாக்கி.

வேலையை விட்டு நின்றவர்களின் கணக்கை எடுத்தால், வேலை வரவில்லை என்று நின்றவர்கள் குறைவு. வேலைக்கு நடுவே இருக்கும் வெற்று நேரத்தில்தான் பெரும்பாலும் முறிகிறது. பேக்கிங் மேசையில் பத்துப் படி உண்டு. டீ நேரத்துக்குப் படி இல்லை. பதினைந்து நிமிஷம், எட்டுப் பேர் ஒரே சமயம் பேசுகிறார்கள், கேலி பேசுகிறார்கள், யாரோ தோளைத் தட்டுகிறார்கள். மகன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே நடந்துவிடுவான். "ஓடிப்போயிட்டான்" என்று போன் வரும்.

டீ நேரத்துக்கும் படி எழுதுங்கள். கை கழுவு, டம்ளரை எடு, குறிப்பிட்ட இடத்தில் உட்கார். அந்த இடம் சுவரோரமாக, கதவுக்கு அருகில் இருக்கட்டும். யாரோடும் பேசாமல் குடிக்கலாம் என்பதை மற்றவர்களிடம் சொல்லிவையுங்கள். டம்ளர் வைத்தபின் மிச்சமிருக்கும் ஏழெட்டு நிமிஷத்துக்கு என்ன? பஸ் நேர அட்டவணை, பழைய காலண்டர், இயர்போனில் பாட்டு, எது பிடிக்குமோ அது. இதை யாரும் பிடுங்கக்கூடாது.

ஸ்வெட்டர் விஷயமும் இதோடு. யூனிஃபார்ம் கம்பளி ஸ்வெட்டர் கழுத்தில் உறுத்தி வேலையை விட்டவர்கள் உண்டு. காரணத்தைச் சொல்லத் தெரியாமல் விட்டதால் யாருக்கும் புரியவில்லை. உள்ளே முழுக்கைப் பருத்திச் சட்டை, லேபிளை வெட்டிவிடுவது, நனைந்த சாக்ஸுக்கு மாற்றாகப் பையில் இன்னொரு ஜோடி. இதில் தீர்ந்துவிடும்.

ஏப்ரல் 20

ஊட்டியில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர், லாண்டரிக்கு ஒரு இளைஞரை எடுக்க விரும்புகிறார், அடுத்த வாரமே வரச் சொல்லலாமா என்கிறார். மனசுக்கு நன்றி ஐயா. ஆனால் ஏப்ரல் கடைசியில் வேண்டாம்.

இந்த 2025 சீசனில் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸ் (முன்அனுமதி) வரம்பே வாரநாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. மலர்க் கண்காட்சி வேறு வருகிறது. உங்கள் ஆட்களே மூச்சுவிட நேரமில்லாமல் ஓடும்போது ஒருவருக்கு யார் நின்று பழக்குவது? ஜூலை, ஆகஸ்ட் மழையில் அறைகள் காலியாக இருக்கும்போது தொடங்குங்கள். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன் வருவதற்குள் கை பழகிவிடும். அது மே மாதம் அளவுக்கு இராது, அடுத்த கோடைக்கு ஒத்திகையாகவும் அமையும்.

வேலையையும் பிரித்துக் கொடுங்கள். "லாண்டரி பாய்" என்ற மொத்த வேலையில் எண்ணுவது, பிரிப்பது, மடிப்பது, அறைவாசலுக்குக் கொண்டுபோவது, விருந்தினரிடம் பேசுவது எல்லாம் கலந்திருக்கிறது. எண்ணுவதும் மடிப்பதும் இவருக்கு, பேசுவது வேறொருவருக்கு. மடிக்க ஒரு பலகை வெட்டிக் கொடுங்கள். அதன் மேல் வைத்து மடித்தால் எல்லாத் துண்டும் ஒரே அளவில் வரும். கறையுள்ளது தனியாக என்று சொல்லும்போது எது கறை என்பதற்கு நான்கு படம் ஒட்டுங்கள். டிடர்ஜென்ட் வாசனையை அவர் தாங்குகிறாரா என்று முதல் நாளே பாருங்கள்.

பேக்கிங் யூனிட்டுக்கு இதன் மறுபக்கம். உறைபனிக் காலத்தில், ஜனவரி பிப்ரவரியில், கொழுந்து குறையும். மூட்டை வராத நாள் வரும். "இன்னிக்கு வேலை இல்ல, போ" என்றால் அது வாழ்க்கையே முடிந்த மாதிரி ஆகும். மூட்டை இல்லாத நாளுக்கு என்று ஒரு வேலையை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்: பவுச் எண்ணிக் கட்டுவது, அட்டைப்பெட்டி மடிப்பது, லேபிள் ஒட்டுவது.

மே 27

சிவப்பு எச்சரிக்கை வந்ததும் பஸ் ஓடாமல் போனதும் பலரை நிலைகுலைய வைத்திருக்கிறது. மழைக்காலத் திட்டம் பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டும்.

மூன்று அட்டை. பச்சை: வழக்கமான பஸ், வழக்கமான நேரம். மஞ்சள்: பஸ் இருபது நிமிஷம் கழிந்தும் வரவில்லை, இன்னாருக்குப் போன் செய், ஸ்டாப்பிலேயே நில். சிவப்பு: இன்று வேலைக்குப் போவதில்லை, வீட்டில் செய்ய வேண்டியது இது. சிவப்பு அட்டையை வெயில் நாளில் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். மழையில் முதல் தடவையாக எடுத்தால் அது எடுபடாது. சிவப்பு நாளில் சம்பளம் உண்டா இல்லையா என்பதை முன்பே பேசி அட்டையிலேயே எழுதிவிட வேண்டும்.

பனிமூட்டத்தில் ஸ்டாப் பெயர் தெரியாது. ஜன்னல் வழியே பார்த்து இறங்கப் பழகியவர் அன்று இறங்காமலே போய்விடுவார். ஸ்டாப்புகளின் எண்ணிக்கையை நம்பவும் முடியாது, கை காட்டினால் நடுவழியிலும் நிறுத்துவார்கள். கண்டக்டரிடம் நீட்ட ஒரு சீட்டு, "என்னை இந்த ஊரில் இறக்கிவிடவும்" என்று. இதுதான் நம்பகமானது.

ஜூன் 15

சம்பளம். மகனின் பெயரிலேயே கணக்கு, நேராக அதில் போட வேண்டும். கையில் பணமாக வாங்கி அம்மாவிடம் கொடுப்பது என்றால் வேலைக்கும் பணத்துக்கும் உள்ள தொடர்பு அவனுக்குத் தெரியாமலே போகும். மாதம் ஒருமுறை அவனே எடுத்து அவனுக்குப் பிடித்த ஒன்றை வாங்கட்டும், வர்க்கியோ செருப்போ.

கைமாற்று கேட்பவர்கள் வருவார்கள். நல்ல நண்பன் போலவே கேட்பார்கள். "அம்மாவைக் கேக்கணும்" என்று சொல்லப் பழக்க வேண்டும் என முதலில் எழுதினேன். அழித்துவிட்டேன். இருபது வயது ஆளுக்கு அது அழகில்லை. "நான் கடன் குடுக்கறது இல்ல" என்பதே போதும். ஏ.டி.எம். அட்டையும் எண்ணும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது.

மெதுவாகச் செய்கிறார், அதனால் பாதிச் சம்பளம் என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆரம்பத்தில் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், மணிக்கான கூலியைக் குறைக்காதீர்கள். 10 பேரும் அதற்கு மேலும் உள்ள இடம் என்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கேளுங்கள். ஊழியர் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம்தான். மற்றவர்களுக்கு மாதம் 21,000 ரூபாய் என்ற வரம்பு மாற்றுத்திறனாளிக்கு 25,000.

அரசு ஊழியரின் பிள்ளை என்றால் இன்னொன்று. பெற்றோருக்குப் பின் வரும் குடும்ப ஓய்வூதியம், சொந்தமாகச் சம்பாதித்து வாழ முடியாதவர் என்ற நிபந்தனையோடு கட்டுண்டது. அந்தப் பயத்தில் வேலையே வேண்டாம் என்று வீட்டில் வைத்திருப்பவர்கள் பலர். பயத்தை வைத்து முடிவெடுக்காமல், எவ்வளவு வருமானம் வரை பாதிக்காது என்று ஓய்வூதிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஜூன் 16

பி.காம். முடித்த மகளுக்கு இதெல்லாம் பொருந்துமா என்று குன்னூர்க்காரர் கேட்கிறார். டீ நேரம், பேசும் விதம், சூப்பர்வைசர் எல்லாம் அப்படியே பொருந்தும். படிப்பு இருந்தால் துணை தேவையில்லை என்பது தவறான எண்ணம். போட்டித் தேர்வு எழுதுவதாக இருந்தால், மத்திய அரசின் வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு. விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும், தேர்வன்று கேட்டால் கிடைக்காது.

பெண் பிள்ளை என்பதால் ஒன்று கூடுதலாக. சொன்னதைச் செய் என்று மட்டும் பழக்கியிருந்தால் அது ஆபத்து. யார் தொட்டாலும் "வேண்டாம்" என்று சொல்லி அங்கிருந்து போகலாம், சூப்பர்வைசரே ஆனாலும். இதைத் திரும்பத் திரும்பப் பழக்குங்கள். யாரிடம் சொல்வது என்று இரண்டு பெயர் எழுதி வையுங்கள். 10 பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சேருவதற்கு முன்பே கேளுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இந்தப் பழக்கம் கட்டாயம் வேண்டும்.

ஜூலை 6

"இப்படி யாராவது ஒரே வேலையில கடைசி வரைக்கும் இருந்ததா உண்டா?"

உண்டு. 1943இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் பற்றி எழுதிய முதல் கட்டுரையில் முதல் குழந்தையாக வருபவர் டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர். அங்கே ஒரு வங்கியில் அறுபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாக ஊர் சுற்றினார். 2023இல் 89 வயதில் காலமானார். வங்கி அவருடைய குடும்பத்தோடு சம்பந்தப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் அந்த வசதி கிடையாது. ஆனால் ஊரே அவரை அறிந்திருந்தது, அவருடைய வழக்கங்களை யாரும் வினோதமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொருவருக்கும் தெரிந்த நம் ஹட்டிகளிலும் அது முடியும்.

ஆகஸ்ட் 10

அம்மாவின் செய்தி: ஐந்து மாதமாக எல்லாம் நன்றாகப் போனது. சூப்பர்வைசர் மாறினார், இரண்டே நாளில் மகன் அழுதுகொண்டு வீடு திரும்பினான்.

புதியவர் கெட்டவர் இல்லை, அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பிப்ரவரியில் துணை வாரம் ஒரு தடவைக்குக் குறைந்தால் போதும் என்றேன். அதோடு இதைச் சேர்த்திருக்க வேண்டும்: ஆள், இடம், இயந்திரம், நேரம் இவற்றில் எது மாறினாலும் துணை மறுபடி மூன்று நாள் முழு நேரம் வர வேண்டும். பக்கத்து மேசையில் ஒருவரை நம்பியிருந்தீர்கள், அவரும் அந்த வாரம் லீவு. எப்போதும் இரண்டு பேரைப் பழக்கி வையுங்கள். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஒரே ஹட்டியிலிருந்து வருகிறவர்கள் சேர்ந்து லீவு போடுவார்கள், அதனால் அந்த இருவரும் வேறு வேறு ஊராக இருக்கட்டும்.

நாளைக்கே துணையை அனுப்புங்கள். ஒரே ஒரு பக்கம் எழுதிப் புதியவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். மேலே மகனின் பெயர், அவன் நன்றாகச் செய்யும் மூன்று வேலை. நடுவில் எப்படிச் சொன்னால் புரியும் என்பதற்கு இரண்டு வாக்கியம், மார்ச் 16 குறிப்பில் இருப்பதையே எழுதலாம். பிறகு, காதைப் பொத்தினால் என்ன பொருள், அப்போது என்ன செய்ய வேண்டும்: கதவோர நாற்காலி, பத்து நிமிஷம், யாரும் பேச வேண்டாம். கீழே போன் செய்ய வேண்டியவர். ஆட்டிசம் என்ற பெயர், பழைய கதை எதுவும் வேண்டாம். மகன் எழுதுவான் என்றீர்கள், கடைசி வரியை அவனே எழுதட்டும், அவனுக்கு என்ன வேண்டும் என்று. லேமினேட் செய்யாதீர்கள். மூன்று மாதத்தில் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.